ஹேஸ்கல் குன்றின் பத்திரம்

ஆரின் ஹேஸ்கல் ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலையில், விறகு அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக இறந்துபோனார். வயது எண்பத்தேழு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜனவரியில் சாவது சௌகரியமில்லை. மண் குளிரில் உறைந்து நாலடிக்கு இறுகிக் கிடக்கும். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கைதான் விண்ணென்று தெறிக்கும். அதனால் வில்லட் ஊரில் குளிர்காலத்தில் போகிறவர்களைப் பெட்டியோடு கொண்டுபோய், ஊர் இடுகாட்டு ஓரத்தில் இருக்கிற கருங்கல் கிடங்குக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மே மாதம் மண் இளகியதும் குழி வெட்டுவார்கள். அதுவரை செத்தவர்களும் மற்றவர்களைப் போலவே வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பியும் சாண்ட்விச்சுமாக நின்றார்கள். ஆரினின் மகள் கொரின், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் மேல குன்றுல அம்மா பக்கத்துல வெச்சிடணும்னு இருக்கோம். நீங்களும் வந்துடுங்க."

லோர்னா திபோடோவிடமும் அதையேதான் சொன்னாள். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுகையை அடக்குகிறாள் என்று லோர்னா நினைத்தாள். "வர்றேன்" என்றாள். அந்த இடத்தில் வைத்து வேறென்ன சொல்ல முடியும்.

ஆரினை அந்தக் குன்றில் புதைக்க முடியாது. ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று லோர்னா நினைத்துக்கொண்டிருந்தாள். முடியாமல் பண்ணியதும் அவள்தான்.

லோர்னா, வில்லட் பள்ளத்தாக்கு நிலக் காப்பு அறக்கட்டளையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள். அறக்கட்டளை என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். பழைய தீவனக் கடைக்கு மாடியில் மூன்று அறை, மழை பெய்தால் இரண்டு. அதன் வேலை இதுதான். நிலம் வைத்திருப்பவர் மனமிருந்தால் வந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். நிலம் அவருடையதாகவே இருக்கும். உழலாம், புல் அறுக்கலாம், மேப்பிள் மரத்தில் சாறு இறக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் துண்டு போட்டு வீடு கட்டவோ, தோண்டவோ, காட்டை மொட்டையடிக்கவோ அவருக்கும் உரிமை கிடையாது, அவருக்குப் பின்னால் வருகிற எவருக்கும் கிடையாது. எத்தனை காலத்துக்கு என்றால், எப்போதைக்கும். அந்தச் சொல்லைக் காவல் காக்கத்தான் லோர்னாவுக்குச் சம்பளம்.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலத்தையும் எல்லையோடு எல்லையாக நடந்து, பழைய புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பாள். கல்வேலியில் நாலு கல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஊரில் அவளுக்குக் 'காற்புள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எட்டு வருடத்துக்கு முன்னால், வீட்டைச் சுற்றியுள்ளது போக, ஆரினின் இருநூற்றுச் சொச்சம் ஏக்கருக்கும் பத்திரம் எழுதியது அவள்தான். பள்ளத்தாக்கிலேயே பெரிய பண்ணை அது. ஆற்றை ஒட்டிப் புல்வெளி, மேலே மேப்பிள் காடு, அதற்கும் மேலே குன்றின் உச்சியில் கல்வேலி போட்ட சின்ன இடுகாடு. ஹேஸ்கல் குடும்பத்தார் ஆறு தலைமுறையாக அங்கேதான் படுத்திருக்கிறார்கள். பதினேழு கல். கடைசிக் கல் ஆரினின் மனைவி வெர்னாவுடையது. பத்திரத்துக்கு முந்தின வருடம் நட்டது. அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒரே கல்லில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரையும் வெட்டியிருந்தார்கள். வெர்னாவுக்குப் பிறந்த வருடமும் இறந்த வருடமும். ஆரினுக்குப் பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அந்த இடுகாட்டின் மேல் லோர்னாவுக்குத் தனிப் பிரியம். பிரியத்தோடு பயமும் இருந்தது. பக்கத்து ஊரில், வார விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் நகரத்துக்காரர் ஒருவர், தான் வாங்கிய நிலத்தில் நின்ற பழைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தோட்டத்துக்கு நடைபாதை போட்டிருந்தார். அதில் பாதி, குழந்தைகளின் பெயர் பொறித்த கற்கள். அதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஆத்திரம் அடங்குவதற்குள்தான் லோர்னா ஹேஸ்கல் பத்திரத்தை எழுத உட்கார்ந்தாள். இடுகாட்டைப் பற்றி இப்படி எழுதினாள்: 'வேலிக்குள் மண்ணைத் தோண்டவோ கிளறவோ கூடாது; எதையும் சேர்க்கவோ அகற்றவோ கூடாது; இன்றுள்ளபடியே எப்போதைக்கும் இருக்க வேண்டும்.' வாசிக்க வாசிக்க அவளுக்கே திருப்தியாக இருந்தது. எலி நுழையவும் இடமில்லை என்று நினைத்தாள்.

ஆரின் நுழையவும் இடமில்லை என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கல்லைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்த்ததே அவள்தான். படத்தில் ஆரினின் பெயரும் கோடும் பளிச்சென்று தெரிகின்றன. வக்கீல் படித்தார். இதற்கெல்லாம் பணமும் ஒப்புதலும் தருகிற மாநில வாரியத்தில் நாலு பேர் படித்தார்கள். ஆரினும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் இனிமேல் வரப்போகிற ஏதோ ஓர் அயோக்கியனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பிழை தெரிவதற்கு நாலரை வருடம் ஆயிற்று. அதற்கும் டேல் கூம்ஸ் ஒரு குளம் வெட்ட வேண்டியிருந்தது.

டேல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். மண் தோண்டும் இயந்திரம் சொந்தமாக வைத்திருப்பவர். ஊரில் சாலை வேலை, சாக்கடை வேலை, இடுகாட்டுக் குழி எல்லாம் அவர்தான். அவரும் தன் நிலத்துக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். ஆரினின் பத்திரத்தை மாதிரியாக வைத்து லோர்னா எழுதிய பதினொன்றில் அது ஒன்று. ஒரு கோடையில், இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று, பேரப்பிள்ளைகள் நீந்துவதற்கு ஒரு குளத்தை வெட்டிவிட்டார். லோர்னா போய் நின்றாள்.

"டேல், இதை மூடணும்."

"குளம்ங்க. தண்ணி. தவளை வரும், வாத்து வரும். இயற்கைதானே உங்களுக்கு வேணும்?"

"தோண்டக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எழுதினது நீங்கதானே. அழிச்சு எழுதுங்க."

"எப்போதைக்கும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கல்யாணத்துலயும் அப்படித்தான் சொன்னேன். அவளே விட்டுட்டுப் போய்ட்டா. நீங்க விட மாட்டேங்கறீங்க."

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. டேலின் வக்கீல் ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டார்: இந்தப் பத்திரங்கள் கவனமில்லாமல் எழுதப்பட்டவை, எழுதியவருக்கே அவற்றின் விளைவு தெரியாது. அதற்குப் பதில் தயார் பண்ண லோர்னா மூலப் பத்திரத்தை, அதாவது ஆரினுடையதை, எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். இடுகாட்டுப் பிரிவுக்கு வந்தபோது அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கோப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. எழுதியதில் பிழை இருந்தால், கையெழுத்தான ஐந்து வருடத்துக்குள் இரண்டு தரப்பும் ஒரு பக்கத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று அதே பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு உண்டு. ஐந்து வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. ஆனால் வழக்கு நடக்கிற நேரத்தில் மூலப் பத்திரத்திலேயே ஓட்டை என்று ஒத்துக்கொண்டால், டேலின் வக்கீல் அதை நீதிபதி முன்னால் விரித்துக் காட்டுவார். வழக்கு போகும், அதோடு பதினோரு பத்திரமும் ஆட்டம் காணும். இது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்றும் இருந்தது. காற்புள்ளி என்று பெயர் எடுத்தவள் ஒரு மனுஷனின் குழியைக் கோட்டை விட்டாள் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். பாரம் எல்லாம் இதில்தான் இருந்தது; மற்றது மேல்பூச்சு.

அந்த செப்டம்பரில்தான் ஆரினோடு அவள் வருடாந்திர நடை நடந்தாள். மேப்பிள் காடு அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஆரின் வழக்கம்போல் சட்டைப்பையில் இரண்டு டோனட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"இந்த வருஷம் என் மேல என்ன குத்தம் எழுதப் போறே?"

"வடக்கு வேலியில ஒரு கல்லு சரிஞ்சிருக்கு."

"மான் இடிச்சிருக்கும். அதையும் கூண்டுல ஏத்து."

குன்றின் மேலே வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றிக் கல்வேலி மேல் வைத்தார். வெர்னாவின் கல்லைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"லோர்னா, இங்க எல்லாம் சரியா இருக்கில்ல?"

"எங்க?"

"இங்கதான். வேலிக்குள்ள. காகிதத்துல வில்லங்கம் ஒண்ணும் இல்லையே?"

அவள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, 'ஆரின், ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று நாலே வார்த்தை. அதற்குப் பதிலாக, அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஆரின் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு ஒரு டோனட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதைச் சாப்பிடவும் செய்தாள். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அதை வாங்கி நின்று சாப்பிட்டது.

ஜனவரியில் ஐந்து வருடக் கெடு முடிந்தது. பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது, அறக்கட்டளை ஜெயித்தது. பனி உருகியதும் டேல் தன் இயந்திரத்தாலேயே குளத்தை மூடினார். லோர்னா போய் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஆரின் விஷயத்தை அப்புறம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். கிழவர் தானே விறகு பிளக்கிறார், இன்னும் பத்து வருடம் இருப்பார் என்று கணக்குப் போட்டாள். அடுத்த செப்டம்பரில் நடைக்குக் கூப்பிட்டபோது ஆரின், "முட்டி வலிக்குது, நீ மட்டும் போய்ட்டு வா" என்றார். அதற்கடுத்த வருடமும் முட்டி வலி. தனியாகக் குன்றேறியபோது லோர்னாவுக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகவே, தேவாலயத்துக் கீழ்த்தளத்திலிருந்து வெளியே வந்தபோது அவள் கையில் மிச்சம் இருந்தது மே மாதம் வரைக்குமான நாலு மாதம்தான். மறுநாளே அறக்கட்டளை இயக்குநர் பிலிப் நியூவெல்லிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பாதியைச் சொன்னாள், மூன்று வருடமாகத் தெரியும் என்பதை விழுங்கிவிட்டாள். பிலிப் நல்ல மனுஷன், அவளைவிட இருபது வயது சின்னவன், சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவன்.

"புதைச்சிடட்டுமே லோர்னா. யார் வந்து பார்க்கப் போறாங்க?"

"பார்க்கறதுதான் என் வேலை."

"ஒரு வருஷம் அந்தப் பக்கம் பார்க்காம விடுங்க."

"இந்த ஊர்ல குழி வெட்டறது யாருன்னு தெரியுமா உனக்கு?"

பிலிப்புக்குத் தெரியும். டேல் கண்ணில் பட்டால் மறுபடியும் நீதிமன்றம்தான்.

வேறு வழி, மாநில வாரியம் சம்மதித்துப் பத்திரத்தையே திருத்துவது. லோர்னா நாற்பது பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். மார்ச்சில் ஊரெல்லாம் மேப்பிள் சாறு காய்ச்சும் ஆவி மூக்கில் ஏற, சேற்றுச் சாலையில் கார் இரண்டு தரம் புதைந்து எழ, மாநிலத் தலைநகருக்குப் போய் வாரிய அதிகாரியைப் பார்த்தாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பத்திரத்தின் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினாள்.

"அந்த இடுகாடு இருந்ததாலதான் வாரியம் இந்தப் பண்ணைக்கே கை கொடுத்தது. இப்போ அதையே தளர்த்துன்னா எப்படி? வாசகத்துல குழப்பம் இருந்தாலாவது ஏதாவது பண்ணலாம். இதுல குழப்பமே இல்லை. யார் எழுதினது, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

லோர்னா பெயரைச் சொல்லவில்லை. ஏப்ரலில் இன்னொரு முறை போனாள். மே இரண்டாம் தேதி கடிதம் வந்தது. மூன்று வரி. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, மறுபரிசீலனை கிடையாது. மே மூன்றாவது சனிக்கிழமைக்குள் கிடங்கைக் காலி செய்துவிட வேண்டும் என்பது ஊர் விதி. கிடங்கில் அந்த வருடம் ஐந்து பெட்டி இருந்தது. நாலு பேருக்கு இடம் முடிவாகியிருந்தது.

மறுநாள் காலை அவள் ஹேஸ்கல் வீட்டுக்குப் போனாள். கொரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சமையலறை மேஜையில் ஆரினின் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. லோர்னா உட்காராமலே ஆரம்பித்தாள்.

"கொரின், அப்பாவை மேல புதைக்க முடியாது. பத்திரத்துல நான்..."

"தெரியும்" என்றாள் கொரின். "உக்காரு."

லோர்னா உட்கார்ந்தாள்.

"டேல் கேஸ் அன்னிக்குக் கோர்ட்டுக்கு அப்பாவும் வந்திருந்தார். பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தார், நீ பார்த்திருக்க மாட்டே. தோண்டக்கூடாதுங்கிற பிரிவைச் சத்தமா வாசிச்சாங்க இல்ல, அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து தன் காகிதத்தை எடுத்தார். பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் இதே மேஜையில படிச்சார்."

"என்கிட்ட அவர் கேட்டாரு, கொரின்."

"அதையும் சொன்னார். 'நான் கேட்டேன், அவ இல்லைன்னுட்டா. ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, முகம் வெளுத்துப்போச்சு'ன்னார். நான் சண்டை போட்டேன். போய் நாலு கேள்வி கேளுன்னேன். அவர் கேக்கலை. 'இப்போ அவளைக் கிளறினா அந்தக் குளத்துக்காரன் ஜெயிச்சிடுவான், அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கு பூரா போய்டும். நான் ஒருத்தன் எங்க படுத்தா என்ன'ன்னார். அதுக்கப்புறம் மேலயே போகலை. முட்டியில அவருக்கு ஒரு நோவும் கிடையாது."

லோர்னா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஏன் எல்லார்கிட்டயும் மேல வெக்கணும்னு..."

"நீ காதுல வாங்கணும்னுதான். எப்போ வந்து சொல்றேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். மூணு மாசம் ஆச்சு உனக்கு."

"வாரியத்துக்கு எழுதிப் பார்த்தேன். நேத்து பதில் வந்திடுச்சு. முடியாதுன்னுட்டாங்க." லோர்னா மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "நீ வெட்டிக்கோ. நான் குத்தம்னு எழுத மாட்டேன். வேலையை விட்டுடறேன்."

"அவர் கையெழுத்துப் போட்டதை நான் மீறவா? எழுந்து வந்து என்னைத் திட்டுவார்."

"வீட்டைச் சுத்தி ரெண்டு ஏக்கர் பத்திரத்துல வராது. அங்க வேணா..."

"எங்க, கழிவுத் தொட்டிக்குப் பக்கத்துலயா?"

"எரிச்சு சாம்பலா மேல வேலிக்கு வெளிய தூவலாம். அதுக்குத் தோண்ட வேண்டாம்."

கொரின் அவளை முறைத்தாள். "அவர் தம்பி கொட்டகைத் தீயில போனவன். அப்பாவுக்கு அப்போ ஒன்பது வயசு, வாசல்ல நின்னு பார்த்தவர். சாகிற வரைக்கும் அடுப்புக் கதவை ராத்திரி மூணு தரம் எழுந்து பார்ப்பார். அவரை நெருப்புல வைக்க என்னால ஆகாது."

மீதி ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே எழுந்து போய்விடலாம். கொரினுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதெல்லாம் எங்கே கொண்டுவந்து விட்டது என்பதைத்தான் லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாளே.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். "அவர் கேட்ட அன்னிக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி இருந்தது. அதுக்குள்ள நானும் அவரும் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா சரியாகியிருக்கும். ஒரே பக்கம். யாரையும் கேக்க வேண்டியதில்லை."

கொரின் மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மறுபடி விரித்தாள். மடித்தாள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பார்."

"தெரியாம போனதும் நல்லதுதான்" என்றாள் கொரின். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் லோர்னாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கொரின் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்தாள். உள்ளே ஊராட்சி முத்திரை போட்ட ஒரு தாள். ஊர் இடுகாட்டில், மேற்கு வரிசையில், ஆரின் ஹேஸ்கல் பெயருக்கு எழுதிக்கொடுத்த இடம். தேதி, அவர்கள் குன்றின் மேல் நின்று டோனட் சாப்பிட்ட அதே செப்டம்பர்.

"அதனால இடம் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை அங்கதான் அடக்கம்" என்றாள் கொரின். "ஆனா சரியாப் பாரு. ரெண்டு இடம் வாங்கியிருக்கார்."

லோர்னா பார்த்தாள். இரண்டு இடம், பக்கத்துப் பக்கத்தில்.

"நான் அங்க போக முடியலைன்னா என்ன, அவளைக் கீழ கொண்டுவந்துட்டாப் போச்சுன்னார். ஆறு தலைமுறை அங்க இருக்கே, அம்மாவை மட்டும் பிரிச்சுக் கொண்டுவர்றதான்னு கேட்டேன். 'உங்கம்மாவுக்கு அவங்க யாரும் சொந்தமில்லை, நான்தான் சொந்தம்'னார். அவருக்கு அந்தத் திட்டம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நிம்மதியாத்தான் போனார். சனிக்கிழமை அவரை வெச்சுட்டு, ஜூன்ல மண்ணு நல்லாக் காஞ்சதும் அம்மாவைக் கொண்டுவந்துடலாம்னு இருக்கேன். அதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன எழுதிக் கொடுக்கணும், சொல்லு."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை முடியாது என்று சொன்னவள்தான் லோர்னா. தாளைக் கவனமாக மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அம்மாவையும் எடுக்க முடியாது, கொரின்."

"ஏன்?"

"வேலிக்குள்ள மண்ணைத் தொடவே கூடாது. வெக்கறதும் கூடாது, எடுக்கறதும் கூடாது. ரெண்டையும் எழுதிட்டேன்."

கொரின் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "அதை அவர் படிக்கலையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "ரெண்டு நாள் உக்காந்து படிச்சாரே."

லோர்னா எழுந்தாள். காப்பியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஊர் இடுகாட்டில் நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். குன்றுக்கு வரச்சொன்னாயே என்று கொரினிடம் யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. லோர்னா கடைசி வரிசையில் நின்றாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் கை குலுக்கக்கூடச் செய்தார்கள். பாதிரியார் முடித்ததும் கொரின் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, யாருக்கும் காத்திராமல் கார் பக்கம் இறங்கிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

டேல் கூம்ஸ் இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மேட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். லோர்னா போகாமல் நிற்பதைப் பார்த்துக் கிட்டே வந்தார். நாலு வருடமாக அவர் அவளோடு பேசியதில்லை. குத்திக் காட்டப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். காட்டினால் வாங்கிக்கொள்வது என்று தயாராகவும் இருந்தாள்.

"கொரின் எல்லாம் சொல்லுச்சு" என்றார் டேல். "என் கேசுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கலையாமே."

"ஆமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஆரின் குழி சம்பந்தப்பட்டதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கேசை விட்டுட்டு மறுநாள் காலையில குளத்தை மூடியிருப்பேனே. என் அப்பா விழுந்து கிடந்த வருஷம் என் வீட்டுப் புல்லு பூரா அறுத்துக் கொடுத்தவர் அவர்."

லோர்னா தலையை மட்டும் ஆட்டினாள். நீதிமன்றம், வக்கீல், பதினோரு பத்திரம் என்று இத்தனை நாள் கையில் பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நிமிடத்தில் கழன்று விழுந்துவிட்டது.

டேல், வெர்னாவுக்கென்று வாங்கியிருந்த பக்கத்து இடத்தைப் பார்த்தார். நாலு மூலையிலும் எல்லை காட்ட ஊராட்சி அடித்த சின்ன மரமுளைகள் இருந்தன.

"இதை என்ன பண்றது? முளையை அப்படியே விட்டு வைக்கவா, பிடுங்கிட்டுப் புல்லு விதைச்சிடவா? கொரினைக் கேக்கலாம்னா அது போய்டுச்சு."

லோர்னா காரைப் பார்த்தாள். கொரின் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் இதையும் கேட்க லோர்னாவுக்கு மனம் வரவில்லை.

"விதைச்சிடுங்க" என்றாள்.

டேல் குனிந்து முதல் முளையைப் பிடுங்கினார்.